மூக்கு நுனியின் மூன்றாவது எண்

காப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் நான் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

என் பெயர் லிபார்தோ ஹோஹோவா. இந்தப் பாஸ்தோ ஊரில் எரால்தோ போத்தினா மேஸ்திரியின் பட்டறையில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை. திருவிழா ஊர்வலத்துக்கு நாங்கள் கட்டுகிற அலங்கார வண்டி இருக்கிறதே, அதன் பொம்மைகளை முதலில் திரையில் உருவாக்குகிறவன் நான்தான். ஜனவரி ஆறாம் தேதி எங்கள் வண்டி ஒன்றே முக்கால் மணி நேரம் ஊர்வலத்தை மறித்து நின்றுவிட்டது. அதற்காக மேஸ்திரியை இனிமேல் விழாவிலேயே சேர்ப்பதில்லை என்று குழுவில் நீங்கள் முடிவெடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். நாற்பது வருஷமாக வண்டி கட்டுகிற மனுஷன். வேறொன்றும் தெரியாது அவருக்கு. வண்டி இல்லையென்றால் ஒரு மாதத்தில் படுத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை, செய்தவன் நான். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

எங்கள் வேலையில் புள்ளி என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். ஒரு முகத்தை ஸ்கேன் செய்தால் உடனே முகம் வந்துவிடாது. புள்ளிகள்தான் வரும், கொசுக்கூட்டம் மாதிரி லட்சக்கணக்கில். வேண்டாததைக் கழித்து, மிச்சத்தை ஒன்றோடொன்று கோத்து, மேலே தோல் போர்த்துவது என் வேலை. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண். முதலாவது இடம் வலம், இரண்டாவது உயரம், மூன்றாவது முன்னால் பின்னால். இந்த மூன்றாவதுதான் விஷயமே. நான் தாளில் எடுக்கிற முன்பக்கப் படத்தில் முதல் இரண்டும் தெரியும், மூன்றாவது தெரியாது. ஒரு புள்ளியை நேராக முன்னால் இழுத்துக்கொண்டுபோய் அடுத்த தெருவில் விட்டாலும் படம் அப்படியேதான் இருக்கும்.

மேஸ்திரிக்குத் திரையில் பொம்மையைச் சுற்றிக் காட்டினால் தலைசுற்றல். இரண்டு வருஷம் முன்னால் ஒரு சிங்கத்தைச் சுற்றிக் காட்டப்போய், மனுஷன் பசை அண்டாவுக்குள் கையை விட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து, "முன்பக்கத்த மட்டும் தாள்ல போட்டுக் குடுடா. நடுவருங்க முன்னாடிதானே உக்காந்திருக்காங்க, பக்கவாட்டுல தொங்கிக்கிட்டா வர்றாங்க?" என்பார். கட்டைவிரலைச் சிவப்புப் பெயின்டில் தொட்டுத் தாளில் வைப்பார். அவ்வளவுதான், மறுபடி யாரும் பார்ப்பதில்லை. நேரே வெட்டப் போய்விடும்.

இந்த வருஷம் காற்றுதேவன். தலை மட்டும் மூன்று மீட்டர் உயரம். முகத்துக்கு யாரை வைப்பது என்று பேச்சு வந்தது. எங்கள் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிற ஃபிதென்சியோ துல்கானை வைக்கலாம் என்றாள் ஒமைரா. ஒமைரா எங்கள் பெயின்டர். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாக அவளுக்குத் தினமும் காலையில் சோள ரொட்டி வாங்கி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஃபிதென்சியோவை உட்காரவைத்து ஸ்கேன் செய்தேன். அவன் திரையைப் பார்த்துவிட்டு, "ஏன் லிபார்தோ, புள்ளி வெக்கிறதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா? எங்க வீட்டு ஈ சும்மாவே வெக்குதே," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல நகைச்சுவைதானே. ஒமைரா என் தோளுக்குப் பின்னால் குனிந்து, "மூக்கப் பாரேன், சீவி விட்டாப்புல," என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மூக்கு நுனிப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். இடம் வலத்தைப் பூட்டினேன், உயரத்தைப் பூட்டினேன். மூன்றாவது எண்ணை மட்டும், வண்டியின் அளவுக்கு, ஒரு சாண் முன்னால் இழுத்தேன். மற்ற புள்ளிகளை நான் தொடவே இல்லை, ஐயா. பக்கத்தில் இருந்தவை தாமாகத்தான் கூட வந்தன. அது மென்பொருளின் சுபாவம், அதற்கு என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

அதோடு விட்டிருப்பேன். மறுநாள் அவன் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். ஒரு சாண். அதற்கடுத்த வாரம் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி அரை மணி நேரம் பிடித்துக்கொண்டே நின்றான். ஒரு சாண். எனக்கென்று ஒரு வரைமுறை வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு சாணுக்கு மேல் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தொடுவதில்லை. காதுகளின் பக்கம் போகவே இல்லை, போவதற்குக் காரணம் இருந்தும். ஒரே ஒரு நாள் அவன் தும்மினான். அவள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, லுலோ பழச்சாற்றைச் சுடவைத்து, சாராயம் கலந்து, "குடிங்க, சளி பிடிச்சிடப்போவுது," என்று கையில் கொடுத்தாள். போன வருஷம் எனக்கு நிமோனியா வந்தபோது, "பாத்துக்கோ லிபார்தோ," என்று சொன்னவள். அன்றைக்கு மட்டும் இரண்டு சாண். அது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

செய்ததை மாற்றிப் பழையபடி ஆக்க ஒரு விசை உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று டிசம்பரில் அழுத்தியும் பார்த்தேன். பிரமாதமாக வேலை செய்தது. மனசு நிம்மதியாகிவிட்டது. மூக்கை மறுபடி இழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மொத்தத்தில் நாலு மீட்டர் சொச்சம். மேஸ்திரி முன்பக்கத் தாளைப் பார்த்தார், "லட்சணமா இருக்குடா," என்றார், கட்டைவிரலை வைத்தார்.

வெட்டுகிற மெஷினுக்கு மூக்கும் தெரியாது முழியும் தெரியாது. தெர்மாகோலைப் பலகை பலகையாக வெட்டி நம்பர் போட்டு அனுப்பிவிட்டது. பட்டறைக் கதவு தாழ்வு என்பதால் முகத்தில் துருத்திக்கொண்டிருப்பதையெல்லாம் ஊர்வலத்தன்று காலையில் தெருவில் வைத்துத்தான் மாட்டுவோம், உங்களுக்கே தெரியும். நீளமாக ஒன்று வந்ததும் பையன்கள் அதைக் காற்றுதேவன் ஊதுகிற குழல் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்? ஒமைரா அதற்குத் தங்க வர்ணம் அடித்தாள். உள்ளே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்தது ஃபிதென்சியோ. ரொம்ப உறுதியாக வைத்திருந்தான், நல்ல தொழிலாளி, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆறாம் தேதி காலையில் அதை வாய்க்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. நம்பரைப் பார்த்து மாட்டினார்கள். பொருந்தியது.

மேஸ்திரி தொப்பியைக் கழற்றினார். "டேய், என்னடா இது?"

"மூக்கு, மேஸ்திரி."

"யாரு மூக்கு?"

"ஃபிதென்சியோ மூக்கு."

"அடப்பாவி, ஒரு குடும்பத்துத் துணி மொத்தத்தையும் காயப்போடலாம் போலிருக்கே!"

ஃபிதென்சியோ தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். முகம் செத்துப்போயிற்று. "நெசமாவே நான் இப்பிடியா இருக்கேன், ஒமைரா?" என்றான். மூன்று மாதம் இதற்காகத்தான் காத்திருந்தேன். ஒமைரா சிரித்தாள், சிரித்துச் சிரித்துப் பெயின்ட் டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வந்து, இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்து, "இல்லடா என் ராசா," என்று மூக்கின் மேலேயே ஒரு முத்தம் கொடுத்தாள். எல்லோர் முன்னாலும். அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள்.

அறுக்க நேரமில்லை. மேஸ்திரி, "நடக்கிறது நடக்கட்டும், எடு வண்டிய," என்றார். நேர்த்தெருவில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஜனங்கள் திருவிழா வழக்கப்படி மாவையும் நுரையையும் வீசி ஆர்ப்பரித்தார்கள். மூலை திரும்பும்போதுதான் மூக்கு வீசிக்கொண்டுபோய், மாடியில் திறந்திருந்த பால்கனிக் கதவு வழியாக சொய்லா பாசிச்சானா அம்மாவின் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்துவிட்டது. பதினாலு பேர் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார்கள். சுட்ட கினிப்பன்றித் தட்டுக்கு மேலே போய், சூப் பானையைத் தள்ளிவிட்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை. அந்தத் தும்மல் நாளில் இரண்டாவது சாணை இழுக்காமல் இருந்திருந்தால் சூப்பும் தப்பியிருக்கும். அந்த அம்மா எழுந்திருக்கக்கூட இல்லை, "வந்தவருக்கு ஒரு தட்டு வைங்கப்பா," என்றாராம்.

பின்னால் பதினோரு வண்டிகள், பின்வாங்க வழியில்லை. ஃபிதென்சியோதான் ரம்பத்தோடு மேலே ஏறினான். தன் வெல்டிங்கைத் தானே அறுக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூக்கு இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. அந்த அம்மா திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்கிறார், விருந்தாளிகள் குளிருக்குப் போர்த்திக்கொண்டு வருகிற போர்வைகளைக் கழற்றி மாட்டுவதற்கு வாகாக இருக்கிறதாம். இப்போது ஃபிதென்சியோ தெருவில் போனால் ஊரே, "மூக்கா, சாப்டியா?" என்று கேட்கிறது. அவனுக்கு அதில் பெருமை வேறு.

ஆகவே ஐயா, அந்தத் தாளில் மேஸ்திரியுடையது கட்டைவிரல் மட்டும்தான். பதினேழு நாள், பதினெட்டுச் சாண், எல்லாம் என் கை. அவரை விட்டுவிடுங்கள், என்னைத் தள்ளிவையுங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதை எழுதிக்கொள்கிற அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம்: காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று எழுதவேண்டாம். அந்த எரிச்சலெல்லாம் என்னைவிட்டுப் போய்விட்டது. இதோ, பிப்ரவரியில் ஒமைராவுக்கும் அவனுக்கும் கல்யாணம். கேக் மேல் வைக்கிற மாப்பிள்ளை பொண்ணு பொம்மையை, "லிபார்தோ, நீதான் செஞ்சு தரணும்," என்று அவளே வந்து கேட்டாள். மனசார ஒப்புக்கொண்டேன். அவனுடைய பழைய புள்ளிகள்தான் என்னிடம் இருக்கின்றனவே. இன்று காலையில் முன்பக்கத்தைத் தாளில் எடுத்துக் காட்டினேன், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கேக்கை மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்லிவைக்கச் சொன்னேன்.