சாயாத போட்டு

இல்ல தம்பி, எங்க வீட்டுக்காரரு எறங்க மாட்டாரு. காடியிலயே இருக்கட்டும். ஏர்கோன் ஓடுது, கண்ணாடிய ரெண்டு விரக்கட்டைக்கு எறக்கி விட்டிருக்கேன், நாம நிக்கிறது அவருக்குத் தெரியுது. அது போதும். மீன்புடி போட்டு விஷயம் எதுவா இருந்தாலும் நீங்க என்கிட்டயே பேசுங்க. என்னா அப்படிப் பாக்கிறீங்க? பொம்பளைக்கு என்னா தெரியும்னா? பதினெட்டு வருஷமா எங்க வீட்டுல சோத்துக்குத் தொட்டுக்கிட்டது ஊறுகா இல்ல தம்பி, போட்டுப் பேச்சுதான்.

உக்கார வேணாம், நிக்கிறேன். உக்காந்தா எந்திரிக்கிறது சுசாலா, பெரும்பாடு இந்த முழங்காலுக்கு. ரஹீம்தானே உங்க பேரு? சனிக்கிழம அந்த ரெட்டைப் போட்ட கடல்ல ஓட்டிக் காட்டினீங்க. பழச உங்ககிட்டத் தள்ளிட்டு அத எடுத்துக்கிறதாப் பேச்சு. இன்னைக்கு வந்து முடிவு சொல்றேன்னு சொன்னேன். சொன்ன மாதிரி கிள்ளான் வரைக்கும் ஜாம்ல ஊந்து வந்துட்டேன். பழைய போட்டோட பதிவுக் கார்டும் கைப்பையில இருக்கு. அதுக்குள்ள பேனாவ எடுக்காதீங்க, இருங்க.

உங்க போட்டுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அடியில ரெண்டு ஒடம்பு, நடுவுல காத்துப் போக வழி. கேட்டமரான்னு பேரு. நம்ம கட்டுமரந்தான் வெள்ளைக்காரன் வாயில போயிட்டுத் திரும்பி வந்திருக்குதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்வாரு. நிறுத்துனா கல்லு மாதிரி நிக்கும். நாலு பேரு ஒரே பக்கமா ஓடி மீன எட்டிப் பாத்தாலும் அசையாது. இன்ஜினும் ரெண்டு. ஒண்ணு படுத்துக்கிட்டா இன்னொண்ணு வீடு கொண்டாந்து சேத்துரும். சுமத்ரா காத்து நெனச்ச நேரத்துக்குக் கெளம்புற கடல்ல அது சின்ன விஷயமில்ல.

எங்களது அடி கூரா, வி எழுத்து மாதிரி. ஓடுறப்போ ராசாதான், அலைய வெட்டிக்கிட்டுப் போகும். நின்னாத்தான் சனியன். மீன் புடிக்கிறதுன்னா முக்காவாசி நேரம் நிக்கிறதுதானே? தொட்டில் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடும். தொட்டில்லயாச்சும் தூக்கம் வரும், இதுல கொடல்தான் வெளிய வரும்.

அப்புறம் திருப்பம். எங்க போட்டு திரும்புற பக்கமே சாயும், மோட்டர்சைக்கிள் மாதிரி. உங்களது சாயாது, மட்டமாவே சுத்திக்கிட்டு வந்துரும். அன்னைக்கு நீங்க வளைச்சப்போ என் கையில இருந்த தே ஓ தேத்தண்ணி ஒரு சொட்டு சிந்தல. கெட்டதுன்னு சொல்லல தம்பி. நல்லதுன்னுதான் சொல்றேன்.

வாங்குறது யாருக்கா? அவருக்குத்தான். எனக்கெதுக்குப் போட்டு. அவரு ஏர்கோன் ரிப்பேர் பண்றவரு. பிரிக்பீல்ட்ஸ்ல பாதி வீடு அவரு கையாலதான் குளுந்துச்சு. வாரம் பூரா அடுத்தவங்க ஜன்னலுக்கு வெளிய தொங்குவாரு, சனிக்கிழம ஆனா கடலு. எங்க மக சிந்து ஃபார்ம் ஃபைவ் படிக்கிறப்போ எங்க பழைய போட்ட வாங்கினாரு. ட்ரெய்லர் டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, இன்ஜினுக்குப் பொட்டு வச்சு, மொத சவாரிக்கு என்னை ஏத்திக்கிட்டாரு. புதுப் பொடவ கட்டிக்கிட்டுப் போனேன், கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி.

தொறையில ஜெட்டிய விட்டுக் கெளம்பினதும் ஆரம்பிச்ச வாந்தி லைட்ஹவுஸ் வரைக்கும் நிக்கல. அங்க அவரு திருப்பினாரு, போட்டு ஒரு பக்கமா சாஞ்சிச்சு. உயிரு போச்சுன்னு நான் மறுபக்கமா விறைச்சுக்கிட்டு ஒக்காந்தேன். ஒரு கையால ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால என்னை இழுத்துப் பக்கத்துல வச்சுக்கிட்டாரு. போட்டு சாயிற பக்கமே சாஞ்சிரு குமுதா, எதுத்துக்கிட்டு இருந்தாத்தான் வயித்தப் பொரட்டும், அப்படின்னாரு. நான் கேட்டா தானே. ஜெட்டியில எறங்கி நாலு பேரு பாக்க, இந்த ஜென்மத்துல இனி இதுல கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.

நான் வாக்குத் தவறாதவ தம்பி. பதினெட்டு வருஷம் வைக்கல. அவரும் விடல. ஒவ்வொரு சனிக்கிழமயும் தூண்டில் பையத் தூக்கிக்கிட்டு, வரியா குமுதான்னு கேப்பாரு. தொவைக்கத் துணி கெடக்குதுங்கன்னு சொல்வேன். சரின்னு போயிருவாரு. துணிய மறுநாள் தொவைச்சிருந்தா குடியா முழுகிப் போயிருக்கும்? இத்தன சனிக்கிழமயில ஒண்ணே ஒண்ணு, சரி, போகட்டும் விடுங்க.

இருங்க, கூப்பிடுறாரு. தோ வரேங்க, அஞ்சு நிமிஷம். ஆமா, மிஸ்ஸின்னுதான் கூப்பிட்டாரு. என்னைத்தான். ஐயோ இல்லலா, நான் நர்ஸெல்லாம் இல்ல. பல் கிளினிக்ல கவுன்டர்ல ஒக்காந்து நம்பர் கூப்பிட்டவ. அத அப்புறம் சொல்றேன், போட்டு விஷயத்த முடிச்சிருவோம்.

போன வருஷத்துலேருந்து அவரத் தனியா அனுப்ப முடியாது. ஒடம்பெல்லாம் கெட்டிதான். ஆனா பக்கத்துலயே ஒரு ஆளு வேணும். அன்னைக்கு உங்ககூட நின்னு இன்ஜினப் பத்திக் கேட்டுக்கிட்டு இருந்தாரே மொட்டத்தல, நாகையாண்ணே, அவருதான் இவரோட கடல் கூட்டாளி. போட்டு நான் ஓட்டுறேன்மா, ஆனா ஸ்டீரிங்கயும் அவரையும் ஒண்ணாப் பாக்க என்னால ஆகாதுன்னுட்டாரு. நியாயந்தானே. அவருக்கும் எழுவது ஆகப் போகுது.

சிந்து சுங்கை பூலோவுல இருக்கா. வித்துத் தொலைங்கம்மா, இருக்கிற தொல்ல பத்தாதா, கடல் வேறயாங்கிறா. விக்கத்தான் நெனச்சேன். ஆனா சனிக்கிழம ஆச்சுன்னா விடியிறதுக்குள்ள எந்திரிச்சுக் குளிச்சு, பையத் தூக்கிக்கிட்டு வாசக்கதவுகிட்டப் போய் நின்னுக்குவாரு. அது சனிக்கிழமன்னு எப்படித்தான் தெரியுமோ. கதவு பூட்டியிருந்தா தட்டுவாரு. கோவப்பட மாட்டாரு, கத்த மாட்டாரு, மெதுவாத் தட்டிக்கிட்டே இருப்பாரு. மத்தியானம் வரைக்கும் தட்டினது உண்டு. எத்தன சனிக்கிழம அதக் கேட்டுக்கிட்டு உள்ள ஒக்காந்திருக்கிறது, சொல்லுங்க. எனக்கு அலுத்துப் போச்சு தம்பி. சரி, நானே கூடப் போறேன், என் வயிறு தாங்குற மாதிரி ஒரு போட்டா மாத்திக்குவோம்னுதான் உங்ககிட்ட வந்தேன்.

தாங்கிச்சே. அன்னைக்குப் பாத்தீங்கல்ல, ஒரு தடவகூட வாந்தி வரல. பொட்டலமாத் தாப்பாவ் பண்ணிட்டுப் போன நாசி லெமாக் சோத்த நடுக்கடல்ல பிரிச்சு வச்சுத் தின்னேன். நாகையாண்ணே சிரிச்சாரு. ஆனா எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா? முழங்கால் மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு, எங்க கிளினிக்ல நம்பருக்குக் காத்திருக்கிறவங்க மாதிரி. தண்ணியப் பாக்கல. நீங்க தூண்டில் குடுத்தீங்க, தேங்க்யூ பாஸ்னு வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. வீடு திரும்புற வரைக்கும் அது மடியிலயேதான் இருந்துச்சு. எங்க வந்திருக்கோம்னு அவருக்குத் தெரியல தம்பி. நெஜமாத் தெரியல.

மறுநாள் ஞாயித்துக்கிழம. பழச ஒப்படைக்கத்தானே போறோம், கடைசியா ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்துருவோம்னாரு நாகையாண்ணே. நானும் ஏறினேன். மாத்திர போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. பெரிய கப்பல் ஒண்ணு தாண்டிப் போச்சு, அது கெளப்பிவிட்ட அலையில காலையில குடிச்ச பச்சத் தண்ணி மொதக்கொண்டு வந்துருச்சு. இது கழிஞ்சாப் போதும் முருகான்னு கண்ண மூடிக்கிட்டேன். லைட்ஹவுஸ்கிட்ட நாகையாண்ணே வளைச்சாரு. போட்டு சாஞ்சிச்சு. நான் பழையபடி மறுபக்கம் விறைச்சுக்கிட்டேன், புத்தி எங்க போகும்?

அப்பத்தான் அவரு கை வந்துச்சு. தோளச் சுத்தி வந்து இழுத்துப் பக்கத்துல வச்சுக்கிச்சு. போட்டு சாயிற பக்கமே சாஞ்சிரு குமுதா, எதுத்துக்கிட்டு இருந்தாத்தான் வயித்தப் பொரட்டும். அதே வார்த்த. ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல. அப்புறம் என் மூஞ்சியப் பாத்து, துணியெல்லாம் தொவைச்சு முடிச்சிட்டியாமான்னு கேட்டாரு.

அதுக்கென்னாங்கிறீங்களா? ஒண்ணுமில்ல. வேற வீட்டுல புருஷன் பொண்டாட்டியப் பேரு சொல்லிக் கூப்பிட்டா அதுல சொல்றதுக்கு என்னா இருக்கு. எட்டு மாசமா நான் அவருக்கு மிஸ்ஸி, தம்பி. மாத்திர குடுக்க வர்ற மிஸ்ஸி. மரியாதையாத்தான் பேசுவாரு, கொற சொல்ல முடியாது. என் வைஃப் எங்க மிஸ்ஸி, இன்னும் காணோமேன்னு என்கிட்டயே கேப்பாரு. துணி தொவைக்கிறாங்க சார், இப்ப வந்துருவாங்கம்பேன். சரின்னு காத்துக்கிட்டு இருப்பாரு. ஞாயித்துக்கிழமயும் ஜெட்டியில காலு வச்சதும் மறுபடி மிஸ்ஸிதான். தேங்க்யூ மிஸ்ஸி, பாத்து எறங்குங்கன்னாரு. அந்தத் திருப்பத்துல மட்டுந்தான் நான் வந்திருந்தேன்.

அதனால கையெழுத்துப் போட நீட்டுற அந்தப் பாரத்த எடுத்து உள்ள வைங்க. உங்களுக்கு ரெண்டு நாள் வீணாப் போச்சு, மனசுல வச்சுக்காதீங்க. நல்ல போட்டு உங்களது, சாயாதுங்கிறது ஒண்ணுதான். இங்க உங்ககிட்ட நிக்கிற எங்க பழசுக்கு இன்ஜின் ஆயில் மட்டும் மாத்திக் குடுங்க. ஆமா, வாந்தி வரத்தான் செய்யும். வந்துட்டுப் போகட்டும். இங்க பக்கத்துல பக்கெட் எங்க விக்கும்? மூடி போட்டது, பெரிசா.

என்னாது, கம்பியா? பின் சீட்டுக்குப் பக்கத்துல, நான் புடிச்சுக்கிறதுக்கா? நல்ல யோசனதான். எத்தன நாளாகும் அது வைக்க?

வேணாம் தம்பி. கம்பி இருந்தா நான் அதப் புடிச்சுக்குவேன். சனிக்கிழம வெள்ளனவே பழசத் தண்ணியில எறக்கி வச்சிருங்க, போதும். மறுபடி கூப்பிடுறாரு. தோ, வந்துட்டேன் சார்.