நத்தைக்குப் போட்ட படிகங்கள்

அன்று காலை தம்பிக்கு நகம் வெட்டிவிட்டேன். வலது கட்டைவிரலுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நகம் சற்று நீண்டிருந்தால் கைபேசித் திரையில் வழுக்கும். ஒட்ட வெட்டினால் அழுத்தும்போது வலிக்கும்.

"கொஞ்சம் விட்டு வைண்ணா. மூக்கு நோண்டணும்னா என்ன பண்றது?"

"உன் கை மூக்குப் பக்கம் போயே வருஷக் கணக்காச்சு," என்றார் அம்மா, விரிப்பை மடித்தபடி. "மூக்கு உன் கையை மறந்தே போயிருக்கும்."

மூவரும் சிரித்தோம். துண்டை உதறிப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். மதியம் எங்கள் விளையாட்டின் புதிய அப்டேட் வெளியானது.

சிறு வயதிலிருந்தே தம்பியின் தசைகள் ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தன. கால், இடுப்பு, தோள் எல்லாம் போய், கடைசியில் அந்த ஒரு விரல்தான் அவன் சொன்னதைக் கேட்டது. நான் கைபேசி விளையாட்டு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். எந்த வீரனுக்கு எவ்வளவு பலம், எதை எவ்வளவு பாடுபட்டு அடைய வேண்டும் என்று எண்களை முடிவு செய்வது என் வேலை.

நத்தை என்ற வீரனை அவனுக்காகத்தான் உருவாக்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். மற்ற வீரர்களை ஆட்டுவிக்க இரண்டு கைகளும் வேண்டும். நத்தைக்கு ஒரு விரலால் அழுத்திப் பிடித்தால் போதும். மெல்ல நகர்ந்து, அடிகளைத் தாங்கி, பின்னால் வருபவர்களைக் காக்கும். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுபவர்களுக்காக என்று அலுவலகத்தில் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள்.

தம்பி நத்தையை மட்டுமே வளர்த்தான். வளர்க்கப் படிகங்கள் வேண்டும். எங்கள் விளையாட்டில் படிகத்தைக் காசுக்கு வாங்க முடியாது, காத்திருந்துதான் சேர்க்க முடியும். அவன் தூங்கும்போது அம்மா கைபேசியை எடுத்து, விளையாட்டின் சுரங்கத்தில் நிறைந்ததை அள்ளி வைப்பார். அப்படிப் பல வருடக் காத்திருப்பு நத்தைக்குள் போயிற்று. அவன் தலைமையில் ஒரு கூட்டணி சேர்ந்தது. முகம் தெரியாத அத்தனை பேரும் அவனைப் 'பெரியவர்' என்றார்கள். இவ்வளவு நிதானமாக ஆடுபவர் ஓய்வுபெற்ற ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு நினைப்பு. "பேரன் பேத்தி எத்தனைன்னு கேக்கறாங்கம்மா" என்பான். பக்கத்து அறையில் எனக்கு இருவரின் சிரிப்பும் கேட்கும்.

அந்த அப்டேட்டில் நத்தையின் பலத்தைப் பாதியாகக் குறைத்தேன்.

காரணம் இருந்தது. நன்கு வளர்ந்த நத்தை உள்ள கூட்டணி தோற்பதே இல்லை என்று எண்கள் காட்டின. அப்படி வளர்ந்த நத்தைகள் வெகு சில என்பதையும் அதே எண்கள் காட்டின. அதை யாரும் கேட்கவில்லை.

கூட்டத்தில் எதிர்த்தவர் ஒருவர்தான். கோபத்தில் எழுதும் ஆட்டக்காரர்களுக்குப் பதில் சொல்லும் பெண். அலுவலகத்தில் அவருக்குச் 'சமாதானம்' என்றே பெயர்.

"குறைச்சா குறைச்சுக்குங்க சார். ஆனா போட்ட படிகத்தத் திருப்பிக் குடுத்துடுங்க. நாற்காலிய வித்துட்டு, அப்புறம் வீட்டுக்கே போய் ஒரு கால அறுத்துட்டு வர்ற மாதிரி இருக்கு."

"மூணு கால்லயும் உட்காரலாம்," என்றேன்.

"நீங்க உட்காருவீங்க சார். திட்டு வாங்கப் போறது நான்."

மேலாளர் சிரித்தார். நான் பொறுமையாக விளக்கினேன். போட்டதெல்லாம் திரும்பி வரும் என்றால் எந்த முடிவுக்கும் கனம் இருக்காது. இதை வளர்ப்பதா, அதை வளர்ப்பதா என்று மனம் அல்லாடுவதுதானே விளையாட்டு. மேலும், திருப்பித் தருவது படிகத்தை மட்டும்தான், காத்திருந்த காலத்தை அல்ல. இந்த வாதத்தில் இப்போதும் எனக்குப் பிழை தெரியவில்லை.

இதை எழுதும்போது கால் தானாக ஆடுகிறது. எழுந்து ஜன்னல்வரை போகிறேன். தெருவில் ஒருவர் வண்டியைத் துடைக்கிறார். திரும்பி வந்து உட்கார்ந்தால் விட்ட இடம் தெரியவில்லை.

மேலாளர் நடுவழி ஒன்று சொன்னார். கேட்பவர்களின் விண்ணப்பத்தை மட்டும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யலாம். முடிவு என் பொறுப்பு. விதியையும் நானே வகுத்தேன். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை அந்தக் கணக்கில் எந்த வீரனையும் வளர்க்க முடியாது. இல்லையென்றால் இரண்டு பக்கமும் லாபம் பார்ப்பார்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் வழி வைக்கவில்லை. அதையும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் தம்பி சொன்னான், "ரிக்வெஸ்ட் போட்டிருக்கேண்ணா. படிகம் மட்டும் வந்துச்சுன்னா கவலை இல்ல. பாறைன்னு புதுசா ஒருத்தன் வந்திருக்கான்ல, அவனையும் ஒரு விரல்ல ஆடலாம். ஒரே நாள்ல நத்தை அளவுக்குக் கொண்டு வந்துடுவேன். உங்க ஆபீஸ்ல யார்கிட்டயாவது சொல்லேன்."

"அண்ணன் தம்பின்னு தெரிஞ்சா தப்பாயிடும்டா."

"ஆமால்ல. சரி விடு, வரிசைப்படியே வரட்டும்."

அந்த விரலும் அதிக நாள் தாங்காது என்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மருத்துவர் சொல்லியிருந்தார். என்னிடம் மட்டும். முதலிலிருந்து படிகம் சேர்க்க அவனுக்குக் காலம் இல்லை என்பது தெரிந்த ஒரே ஆள் நான்.

கூட்டணி தோற்கத் தொடங்கியது. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. தானே தலைமையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு விலகினான்.

நான் காலணி மாட்டும்போது தினமும் அம்மா கேட்பார், "வந்துச்சாடா?"

"பரிசீலனையில இருக்காம்மா."

"அப்படி என்னத்தத்தான் பரிசீலிக்கறானுங்களோ. நிலம் வாங்கறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்."

நான் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புவேன்.

ஒருநாள் சமாதானம் என் மேசைக்கு வந்தார். "எல்லாம் முடிஞ்சுது சார். ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது. ஒரு விரல்தான் வேலை செய்யுதுன்னு எழுதியிருக்கார். கதை விடறாரோன்னு பாத்தேன், அப்படித் தெரியல. சரின்னு ஒரு தட்டு தட்டிவிட்டீங்கன்னா போதும்."

"பாக்கறேன்."

"இல்லன்னா முடியாதுன்னாவது சொல்லிடுங்க. பாவம், கணக்கு பூட்டியே கிடக்கு."

"பாக்கறேன்மா."

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. நானும் அந்தக் கூட்டணியில் இருந்தேன், வேறு பெயரில். தம்பிக்குத் தெரியாது. வீட்டில் எங்களுக்குள் பேச்சு என்றால் தலையணை, மாத்திரை, வயிறு சரியாகப் போயிற்றா என்பதுதான். அங்கே அவன் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டான். சாப்பிட்டாயா என்று விசாரித்தான். எனக்கு நோயாளித் தம்பி ஒருவன் இருக்கிறான், அவனைப் பார்த்துக்கொள்வதிலேயே என் வாழ்க்கை போகிறது என்று எழுதினேன். "உன் தம்பி குடுத்து வச்சவன்யா" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பல நாள் ஓட்டினேன்.

நத்தையைக் குறைப்பதற்குச் சில வாரம் முன் ஒரு மாலை, அவனைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்த அசதியில் தூங்கிப்போய்ச் சண்டைக்கு வரத் தவறினேன். கண்விழித்தபோது கூட்டணியிலிருந்து என்னை நீக்கியிருந்தான். "கோவிச்சுக்காத தம்பி. சொன்ன நேரத்துக்கு வராதவங்கள வச்சுக்க முடியாது."

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா கேட்டது காதில் விழுந்தது. "யாரைடா தூக்கின?"

"எவனோ ஒருத்தன்மா. எப்பப் பாரு வீட்டுக் கஷ்டத்தையே பாடிட்டிருப்பான்."

இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள், வரவிருந்த அந்த அப்டேட்டில் மாற்ற வேண்டியவற்றோடு நத்தையையும் சேர்த்தேன். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

விரல் ஒரு காலையில் அசையவில்லை. கைபேசியைக் கண்ணெதிரே பிடித்துக் காட்டச் சொன்னான். அம்மா காட்டினார். விண்ணப்பத்தின் நிலையைப் படித்துவிட்டுப் போதும் என்றான். அதன்பின் பகலிலும் தூங்கினான். சளி மார்புக்கு இறங்கியது. எப்படியும் வந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். நான் அவரை நம்புகிறேன்.

துக்கத்துக்கு வந்த சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை மாதிரி ஒரு அண்ணன் எவனுக்கு வாய்க்கும்?" என்றார். தலையாட்டினேன். மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா, "அந்தப் பதில் கடைசி வரைக்கும் வரவே இல்லடி" என்று அவரிடம் சொன்னார்.

அனுமதித்திருந்தால் பெரியவர் இன்னும் சில வாரம் பெரியவராக இருந்திருப்பார். பக்கத்து அறையில் அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டிருக்கும். மறுத்திருந்தால் பூட்டு அன்றே திறந்திருக்கும். பாறையையோ வேறு எதையோ கொஞ்சமாவது வளர்க்கத் தொடங்கியிருப்பான். அவன் காத்துக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் இரண்டையும் செய்யாமல் இருக்க வேண்டும். அதைத்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன்.

ஆனாலும் முடியாது என்று அவனிடம் ஒருபோதும் நான் சொன்னதில்லை. இன்று காலை அலுவலகத்தில் திறந்து பார்த்தேன். அவனுடைய விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.