மென்றால் இனிக்கும்

“எங்கயோ தின்னுகினு வந்து எங்கிட்ட நாடகம் ஆடுறீங்களா?”

“ஒரு வாய் தின்னலடி. உம்மேல சத்தியம்.”

“எம்மேல எதுக்கு? எவ வூட்ல சோறு போடுறாளோ அவ மேல பண்ணுங்க.”

துணி காய நல்ல வெயில் அடித்த நாள் அது. பக்கத்து குவார்ட்டர்ஸில் மணிமொழியும் அவள் புருஷன் இளம்பரிதியும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது, நான் கொல்லைச் சுவரோரம் ஒரே புடவையைத் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டு நின்றேன். உமாராணி என்ற என் பெயர் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. தெருவில் எனக்கு நியூஸ் அக்கா என்று பெயர். ஒட்டுக்கேட்பதற்கு நான் வெட்கப்பட்டதே இல்லை. வெட்கப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இளம்பரிதிக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை, பர்மனென்ட். கண்ட நேரத்தில் கண்டதைத் தின்று சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் மிரட்டி அனுப்பியதும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே மாறினார்கள். டீச்சராக இருந்த மணிமொழி எங்கேயோ ஒரு வகுப்புக்குப் போய்க் கேட்டு வந்தாள். சாப்பிடும்போது டி.வி. கூடாது, போன் கூடாது. எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும்.

“என்னாடி, ரெண்டு பேரும் அசை போடக் கத்துக்கினீங்களா?” என்று கேட்டேன்.

“சிரிக்காதீங்கக்கா. நல்லா மென்னா வெறும் கேழ்வரகே இனிக்குமாம். வகுப்புல சொன்னாங்க.”

அதோடு விட்டிருந்தால் எனக்கும் அவர்களுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் சுவருக்கு மேலே போய் வந்துகொண்டிருந்த என் கிண்ணங்கள் நின்றுபோயின. நான் எந்தப் பலகாரம் செய்தாலும் முதல் பங்கு அந்த வீட்டுக்குத்தான். கிண்ணம் ஒரு நாளும் வெறுமனே திரும்பியதில்லை. நாலு முருங்கைக்காயாவது கூட வரும். ஒரு நாள் வடை கொண்டுபோனேன். இளம்பரிதி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, இதுல இருக்குற எண்ணெய பல்சக்கரத்துல ஊத்துனா மெஷின் ஒரு வருஷம் ஓடும்” என்றான். வாசலில் நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிண்ணம் வடையோடு திரும்பி வந்தது.

இன்னொன்றும் உண்டு. அவர்கள் சாப்பிடும் நேரத்தில் அந்த வீட்டிலிருந்து சத்தமே வராது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி மென்றுகொண்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் டி.வி.யைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்து போவார். என்ன குழம்பு என்று கேட்டால் தட்டைத் திரும்பிப் பார்த்துத்தான் சொல்வார்.

மணிமொழிக்கு மாவு அரைக்க நேரமில்லை என்று தெரிந்ததும், நானே அரைத்துத் தருகிறேன் என்று சொன்னேன். உடம்புக்கு நல்லது செய்கிறவர்களுக்கு உதவ யாருக்குத்தான் ஆசையிருக்காது. கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து, வறுத்து, பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கும் மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருவேன். வீட்டில் சலிக்கும்போது நாட்டுச்சர்க்கரையைப் பொடித்துக் கலப்பேன். முதல் தடவை ஒரு கைப்பிடிதான். கேழ்வரகு நிறத்துக்கும் அதன் நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இவர்களுடைய பத்தியம் எத்தனை நாளைக்கு என்று பார்க்க நினைத்தேன், அவ்வளவுதான்.

அவர்கள் காலையில் அந்த மாவில் புட்டு அவித்தார்கள். அன்று மாலையே மணிமொழி ஓடி வந்தாள்.

“அக்கா, வகுப்புல சொன்னது நெசந்தான். மெல்ல மெல்ல இனிக்குதுக்கா. அவரு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாரு.”

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு எப்படி நிறுத்துவது? அடுத்த தடவை கொஞ்சம் கூட்டினேன்.

செக்கப்புக்குப் போனால் சர்க்கரை ஏறியிருந்தது. அவன் இரவுச் சோற்றை விட்டான். சர்க்கரை இன்னும் ஏறியது. மாத்திரை போய் ஊசி வந்தது. ஊசியின் அளவும் கூடியது. வீட்டில் தின்பது அத்தனையும் தன் கண் முன்னால்தான் என்பதால், அவன் வெளியே எங்கோ தின்கிறான் என்று மணிமொழி முடிவுகட்டினாள். முதலில் சொன்ன சண்டை அப்போது வந்ததுதான்.

சண்டை முடிந்த கையோடு என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. “உங்களுக்குத் தெரியாம இந்த பிளாக்ல ஒன்னும் நடக்காது. சொல்லுங்கக்கா, எவ வூட்டுக்குப் போறாரு?”

நான் பொய் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கு எதுக்குடி ஊர் வம்பு” என்றேன். அந்த வாரமே அவள் திருவதிகையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தனியாக விடப்பட்ட இளம்பரிதி பத்தியத்தை விடவில்லை. சுவரோரம் வந்து வெறும் டப்பாவை நீட்டினான். “மாவு தீந்துபோச்சுக்கா. இந்த மாசம் சர்க்கரைய கொறச்சுக் காட்டிட்டு அவள இட்டாரணும்” என்றான். அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்ததைப் பார்த்ததும் எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அந்தத் தடவை சுத்தமான மாவாகவே கொடுத்தேன். இனிமேல் ஒழுங்காக இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவனுக்கு ஊசி அளவைக் கூட்டியிருந்தது எனக்குத் தெரியும். தெரு முழுக்கச் சொன்னவளே நான்தான். ஊசி அப்படியே இருக்க, உள்ளே போகும் இனிப்பு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். என் மாமியாருக்கு ஒரு தடவை அப்படி மயக்கம் வந்து, நான்தான் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினேன். “டாக்டரைப் பாத்து ஊசியக் கொறச்சுக்க தம்பி” என்று சுவருக்கு மேலே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பான். கேட்டால் நாட்டுச்சர்க்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மறுபடியும் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். சொல்ல வெட்கமாக இருந்தது. இந்தத் தெருவில் நான் வெளியே விடாமல் வைத்துக்கொண்ட ஒரே சேதி அது.

மறுநாள் காலை அவன் ஊசி போட்டுக்கொண்டு, புட்டைத் தின்றுவிட்டு முதல் ஷிப்டுக்குக் கிளம்பினான். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டரை மிதிக்கும்போதே அவன் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. பார்த்தேன். காலை வேளையில் அப்படி வேர்க்கிற வெயில் இல்லை. ரவுண்டானா தாண்டும்போது மயங்கி விழுந்து, தலை கல்லில் அடிபட்டு, அதற்குப் பிறகு கண்ணே திறக்கவில்லை.

மணிமொழி என் மடியில் விழுந்து அழுதாள். “சந்தேகப்பட்டு உட்டுட்டுப் போனேன். சரியா சாப்புடாமயே செத்துட்டாருக்கா.” நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவள் திருவதிகைக்கே போய்விட்டாள். போன தை மாதம் பண்ருட்டியில் பலாப்பழ வியாபாரி ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். வரன் சொன்னதே நான்தான். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. எல்லாம் விசாரித்த பிறகுதான் சொன்னேன். கல்யாணத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கூடப் பொறந்தவங்க கூட இவ்ளோ செய்யமாட்டாங்கக்கா” என்றாள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு நல்ல இடம் அமைந்திருக்குமா என்று நினைக்கும்போதுதான் மனசு கொஞ்சம் ஆறுகிறது.