சுவரொட்டியின் அடிப்பகுதியை மாடு தின்னவில்லை

மைதாப் பசையை ஆறவிட்டு ஒட்டினால்தான் சுவரொட்டி சுருங்காமல் நிற்கும். சூடாகத் தடவினால் படத்தில் இருப்பவரின் கன்னம் உப்பி, கொழுக்கட்டையை வாயில் அடக்கிக்கொண்டே காலமானவர் போலத் தெரிவார். நம் கல்லூரிக்குச் சுவரொட்டி ஒட்டும் காசிமாயன் அண்ணன் பசை ஆறும்வரை ஒரு டீ குடிப்பார். அவ்வளவு நிதானமான மனிதர் ஊர் மாறி ஒட்டிவிட்டார் என்றும், அடிப்பகுதியை ஒரு மாடு தின்றுவிட்டது என்றும் விசாரணைக் குழு முடிவு செய்யப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான், பிரியம்வதா மேடம், குழுத் தலைவரான நீங்கள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஸ்ரீராம்குமார், மூன்றாம் ஆண்டு. சுவர் இதழில் கேண்டீன் சாம்பாருக்கு இரங்கற்பா எழுதியவன். அதற்கும் ஒரு விசாரணை நடந்தது. அதில் உண்மையைச் சொன்னதால் சாம்பாரில் பருப்பு சேர்ந்தது. இப்போதும் அந்த நம்பிக்கையில்தான் பேசுகிறேன்.

‘ஏழாம் அரண்’ நாவல் தொடரை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். அப்போது ஐந்து பாகங்கள் வந்திருந்தன. பதினேழு வயதுப் பிள்ளைகள் நாட்டைக் காப்பாற்றப் போர் செய்வார்கள். பெரியவர்கள் ஏதோ ஆலோசனைக் கூட்டத்தில் இருப்பார்கள். அந்த வகையில் அது யதார்த்தமான கதை. ஐந்தாம் பாகத்தின் முடிவில் எதிரிப்படை துரத்தி வருகிறது. இளம் தளபதி மாறவேள் கோட்டைக்குள் இருக்கும் மக்களைக் காப்பாற்றக் கதவை அடைத்துவிடுகிறான். அவனுடைய உயிர் நண்பன் குயிலன் வெளியே நிற்கிறான். கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். அத்தோடு பாகம் முடிந்துவிடும்.

இவர்களில் அதிகம் தியாகம் செய்தவர் யார்? இந்தக் கேள்வியால் நம் கல்லூரியில் இரண்டு காதல்கள் முறிந்தன, கேண்டீன் மேசைகள் இரண்டு கட்சிகளாயின. பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் பிள்ளைகள் இம்புட்டு அறிவோடு விவாதிக்க முடியுமா என்று ஆசிரியர்களே வியந்தார்கள். கலைவிழாவில் அதையே பட்டிமன்றத் தலைப்பாக்கினார்கள். வென்றவருக்குப் பதிப்பகத்தார் ஆறாம் பாகத்தின் முதல் பிரதியை அனுப்புவதாகச் சொன்னார்கள். கடைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பாகவே.

மாறவேள் பக்கம் நான். என் வாதம் எளிமையானது. இறந்தவனுக்கு ஒரு நிமிட வலி; அடைத்தவனுக்கு ஆயுள் முழுக்க வலி. ஆகவே தியாகம் அடைத்தவனுடையது. குயிலன் பக்கம் ஜெயபாண்டி. விடுதியில் என் அறைத்தோழன், சமயநல்லூரைத் தாண்டி ஒரு சிற்றூர்க்காரன். எங்கள் அறைக்கு அந்தத் தொடரை முதலில் கொண்டுவந்தவன் அவன்தான். அப்பா இல்லை. அம்மா அழகம்மாள் தோட்டத்துக் கத்தரிக்காயைப் பரவைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுத்தான் அவனைப் படிக்க வைத்தார்.

ஒத்திகையில் நான் மேற்கோள்களோடு பேசினேன். கைதட்டினார்கள். அவன் எழுந்து, குறிப்பு எதுவும் இல்லாமல் இப்படிச் சொன்னான்.

“செத்தவனுக்கு ஒரு நிமிசந்தான் வலிங்கிறான் என் மாப்ள. சரி, அப்படியே வச்சுக்குவோம். ஆனா குயிலன் இன்னும் சாகலையே. நம்ம ஆளுக உள்ளதான இருக்காகன்னு நம்பி வெளிய நின்னு தட்டிக்கிட்டுல்ல இருக்கான். அம்புட்டு நம்பிக்கைய வச்சுக்கிட்டுத் தட்டுறதுக்குப் பேரு என்ன?”

பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. மின்விசிறி சரிசெய்ய வந்திருந்தவர் ஏணியிலேயே நின்றுவிட்டார். பட்டிமன்றத்தன்று என்ன நடக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

விளம்பரச் சுவரொட்டி வடிவமைக்கும் பொறுப்பு என்னுடையது. மதுரையில் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள். சுற்றியுள்ள பூவின் நிறம்தான் வேறு. எனவே குயிலனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி போடலாம் என்றேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. குயிலனுக்கு முகம் வேண்டுமே. அட்டைப்படத்தில் அவன் முதுகுதான் இருக்கிறது. ஜெயபாண்டியின் படத்தைப் போட்டேன். மேலே கண்ணீர் சொட்டும் இரண்டு கண்கள். நடுவே அவன், வெள்ளைச் சட்டையில், சிரித்தபடி. அடியில் ஒரு பட்டையில் இது பட்டிமன்ற விளம்பரம் என்ற விவரமும் நாளும் இடமும்.

அவனுக்கு ஒரே சிரிப்பு. “மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிரு மாப்ள” என்றான். போகும்போது திரும்பி வந்து, “எங்கூருப் பக்கம் மட்டும் ஒட்டச் சொல்லிராத. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, படத்தத்தான் பாக்கும்” என்றான்.

காசிமாயன் அண்ணன் மாட்டுத்தாவணியிலும் கல்லூரிச் சாலையிலும் மட்டுமே ஒட்டினார். கொடுத்த இடத்தை விட்டு ஓர் அடி தாண்டாதவர். பரவையில் இருந்தது ஒரே ஒரு சுவரொட்டி. பட்டிமன்றத்தன்று விடியற்காலை முதல் பேருந்தில் போய் அதை ஒட்டியவன் நான். சந்தை வாசலுக்கு எதிரே, கத்தரிக்காய்க்காரர்கள் மூட்டை இறக்கும் இடத்தில்.

அடிப்பகுதி விஷயத்துக்கு வருகிறேன். அழகம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்றாலும் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியுமே. விளம்பரம் என்று யாராவது சொல்லிவிட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆகவே அந்தப் பட்டையை விடுதியிலேயே அளவுகோல் வைத்துப் பிளேடால் நறுக்கி எடுத்துவிட்டேன். உங்கள் கோப்பில் இருக்கும் அந்தச் சுவரொட்டியை மறுபடி பாருங்கள், மேடம். வெட்டு எவ்வளவு நேராக இருக்கிறது. எந்த மாட்டுக்கு அவ்வளவு பொறுமை? பிழைகள் எதற்கும் நான் பொறுப்பேற்பேன். என் வேலை ஒரு மாட்டின் பெயரில் போய்ச் சேருவதைத்தான் தாங்க முடியவில்லை.

என் திட்டத்தில் கொடூரம் எதுவும் கிடையாது. அம்மா பார்ப்பார், பதறுவார், தங்கை மீனா அண்ணனுக்குப் போன் செய்வாள், அவன் மேடையை விட்டு ஊருக்கு ஓடுவான். அம்மாவும் பிள்ளையும் கட்டிக்கொண்டு அழுவார்கள், பிறகு என்னைத் திட்டுவார்கள். பட்டிமன்றம் எனக்கு, அவனுக்கு அம்மா கையால் ஒரு வேளைச் சாப்பாடு. இதில் யாருக்கு நஷ்டம்?

அழைப்பு சீக்கிரம் வந்துவிட்டதுதான் சிக்கல். பேச்சாளர்களின் போன்கள் என் பையில் இருந்தன; பொறுப்பாளர் நான்தான். நான் பேச எழுவதற்கு முன்பே அவனுடையது அதிர ஆரம்பித்தது. அப்போதே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் ஊர்க்காரர்கள் இரக்கக்காரர்கள். பட்டிமன்றத்தைத் தள்ளிவைத்திருப்பார்கள். அடுத்த வாரம் அவன் அதே வாக்கியத்தைச் சொல்லி, அதே மூக்குகள் உறிஞ்சப்பட்டு, புத்தகம் அவனுக்குப் போயிருக்கும்.

ஆகவே நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். கதவை அடைப்பவனின் கை நடுங்கும் இடத்தில் என் கையும் நடுங்கியது. நடுவர் சுபலட்சுமி அம்மா அதைப் பாராட்டினார். பேசி முடித்து உட்கார்ந்து, ஜெயபாண்டியின் பெயரைக் கூப்பிட்டதும் போனை அவன் கையில் கொடுத்தேன். வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள்போல என்றேன். அவன் ஒரு நிமிடம் காதில் வைத்தான்; அவன் கத்தியது மறுமுனையின் ஒப்பாரியில் யாருக்கும் கேட்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். எனக்குப் பரிசு கிடைத்தது.

முதல் அழைப்புக்கும் நான் போனைக் கொடுத்ததற்கும் இடையில், மற்ற பேச்சாளர்களையும் சேர்த்து, போனது ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்துக்குள் அம்மா மகனின் குரலைக் கேட்டிருந்தால் தெளிந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாக உங்கள் கோப்பில் இருக்கும். அவன் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள், கொட்டு வந்திருந்தது, அழகம்மாள் அழுது முடித்திருந்தார். முன்னால் நின்ற மகனை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். யாரப்பா நீ என்று கேட்டிருக்கிறார். இன்றுவரை அப்படித்தான் கேட்கிறார்.

போன மாதம் நான் அங்கே போயிருந்தேன். குற்றவுணர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள், நட்பு. ஜெயபாண்டி படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தைப் பார்க்கிறான். உள்ளே சுவரில் மாலை போட்ட படம். அதே வெள்ளைச் சட்டை, மூக்கு சின்னதாக்கியது. விளக்கு எரிகிறது. அழகம்மாள் எங்கள் இருவருக்கும் சோறு போட்டார். மகனிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோல, “நீயும் எம்மகன்கூடப் படிச்ச பிள்ளையாப்பா? கூச்சப்படாமச் சாப்பிடு” என்றார். அவன், “ஆமாத்தா” என்று குனிந்துகொண்டான். எனக்கு மட்டும் தனியாக ஒரு கரண்டி நெய் ஊற்றினார். என் தலையைத் தடவி, “நீதான்யா கடைசிவரைக்கும் அவன்கூட இருந்தவன்” என்றார்.

அவன் தினமும் காலையில் வாசலில் நின்று, “ஆத்தா, நாந்தான் பாண்டி வந்திருக்கேன்” என்று சொல்லிப் பார்ப்பானாம். மீனா சொன்னாள். அவளுக்கு என்மேல் மிகுந்த மரியாதை. அதற்குக் காரணம் உங்கள் கோப்பில் இல்லாத ஒரு விஷயம். அதையும் சொல்லிவிடுகிறேன், அரைகுறையாக ஒப்புக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

அன்று நான் பேச எழுவதற்கு முன் அந்தப் போனை ஒருமுறை எடுத்தேன். வராந்தாவுக்குப் போய்த்தான் எடுத்தேன். மீனா, “அண்ணே, பாண்டி அண்ணன் உசுரோட இருக்காரா? ஒரே ஒரு வார்த்த அம்மாகிட்டப் பேசச் சொல்லுங்கண்ணே” என்றாள். பின்னால் அழகம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பது எனக்குத் தெரிந்தது. அவன் இருபது அடி தள்ளி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் குரலைத் தாழ்த்தி, “இப்ப அவனால பேச முடியாதும்மா. நாங்க நேர்ல வந்து சொல்றோம். அம்மாவப் பாத்துக்க” என்றேன். வைத்துவிட்டேன். இதில் எந்தச் சொல்லும் பொய்யில்லை. வேண்டுமானால் குறித்துக்கொண்டதை மறுபடி படித்துப் பாருங்கள். பாண்டி அப்போது மேடையில் பேசிக்கொண்டிருந்தான் என்று நம்பி, இவ்வளவு பக்குவமாகச் சொன்ன அண்ணன் என்று மீனா இன்றும் நினைக்கிறாள்.

ஆறாம் பாகத்தைப் படித்துவிட்டேன். குயிலன் சாகவில்லை. மாறவேள் கதவைத் திறந்து, அவன் காலில் விழுந்து, நடந்ததையெல்லாம் சொல்லி அழுகிறான். ஏமாற்றம்தான். அவ்வளவு பெரிய தளபதி அப்படிச் செய்வான் என்பது நம்பும்படியாக இல்லை.

நீங்கள் நிறுத்திவைத்திருக்கும் காசிமாயன் அண்ணனை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மேடம். என்னைக் கல்லூரியிலிருந்து நீக்குவதும் காவல் நிலையத்துக்கு அனுப்புவதும் உங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெயபாண்டிக்கு அவன் அம்மா கண்முன்னால் இருக்கிறார். அழகம்மாளுக்கு மகன் பக்கத்திலேயே இருக்கிறான். இந்தப் பட்டிமன்றத்தில் உயிர் நண்பனை இழந்து நிற்பவன் நான் ஒருவன்தான்.