முதல் வசனத்துக்கு ஆதாரம்

வெள்ளாங்குளத்திலிருந்து மன்னாருக்குப் போகும் காலைப் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும். இந்தியாவின் அகதி முகாமிலிருந்து திரும்பியவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. அன்று மகளுக்குத் தமிழ்ச் சோதனை, தாய்க்குக் காணிக் கந்தோரில், பழைய வீட்டுக்கு உரிமை கேட்கும் அலுவல். மகள் மடியில் தாளை வைத்துப் பந்தி எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள்.

“எங்களுக்கு ஒரு வீடு இருக்கெண்டு முதல் வசனம் எழுதினால், பிறகு வாற வசனமெல்லாம் அதுக்கு ஆதாரமா இருக்கோணுமாம், அம்மா.”

“கந்தோரிலையும் அதைத்தானே கேக்கினம்,” என்றார் தாய். “கிணறு இருக்கெண்டு எழுது.”

“எழுதிட்டன். ‘அதுமட்டுமன்றி’ போட்டு அடுத்தது சொல்லுங்கோ.”

“அப்பா வைச்ச பூவரசு நிக்குது.”

“சரி. ‘மேலும்’?”

தாய் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தார்.

“சுவர் பாதிதான் நிக்குது. அதை எழுதாதை. பாதிச் சுவரை வீடெண்டு ஒத்துக்கொள்ள மாட்டினம்.”

“ரீச்சர்தானே அம்மா திருத்துறவ.”

“அவ வீட்டை வந்து பாப்பாவோ?”

“இல்லை. வாசிக்க மட்டும்தான் செய்வா.”

தாய் மகளின் காதருகே குனிந்தார். எனக்கும் கேட்டது.

“அப்ப கூரையையும் போடு.”