வெளிப்பக்கப் பந்து

மைதானத்தில் துப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

எங்கள் அணியில் புதிதாகச் சேரும் பெண்ணிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். எல்லாம் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகள். பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்துவிட்டு, மட்டையைத் தூக்குமுன் ஒரு தடவை காறித் துப்பினால்தான் ஆட்டம் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஈரத்தின் மேலேயே அடுத்தவள் வந்து நிற்பாள். ஹெல்மெட்டின் உட்புறம் அதைவிட மோசம். நாலைந்து தலைகளின் எண்ணெயும் வியர்வையும் ஊறி, காயாத மிதியடி மாதிரி நாறும். வாராவாரம் நானே சோப்புப் போட்டுத் துடைக்கிறேன். அழுக்கோடு ஒட்டி உறவாட என்னால் முடியாது.

சாப்ட்பாலில் பந்தை அடிக்கக் கற்றுக்கொடுப்பது பெரிய வித்தை இல்லை. எந்தப் பந்தை அடிக்காமல் விடுவது என்று கற்றுக்கொடுப்பதில்தான் உயிர் போகும். தரையில் ஒரு வெள்ளைப் பலகை பதித்திருக்கும். அதன் அகலத்துக்குள், மட்டை பிடித்தவளின் முழங்காலுக்கும் அக்குளுக்கும் நடுவே வரும் பந்து ஸ்ட்ரைக். அடிக்காமல் விட்டாலும் அவள் கணக்கில் ஏறும். மூன்று ஏறினால் அவுட். கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கோடு கிடையாது, கயிறு கிடையாது. பின்னால் குனிந்து நிற்கும் அம்பயர் எது என்கிறாரோ அதுதான் பெட்டி.

எங்கள் வட்டாரப் போட்டிகளுக்கு ஒரே அம்பயர்தான். அவர் என் அண்ணன்.

உடனே ஒன்று தோன்றும் உங்களுக்கு. தோன்ற வேண்டாம். அண்ணன் ஒரு பந்தைக்கூட எனக்காகக் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை. ஒரு தடவை என் அணியில் பந்து பிடிக்கும் கேட்சர் ஏதோ முணுமுணுத்தாள் என்று அவளை வெளியே அனுப்பினார். அன்று சாயங்காலம் அதே பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அப்படிப்பட்ட ஆள். பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் இடது பக்கம் வந்த சைக்கிள் கண்ணில் படவில்லை என்று, இடிக்காமல் தப்பித்த பிறகும், நேரே போய் முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை. தானாகவே கொடுத்தார்.

அம்பயர் வேலையையும் விடுகிறேன் என்றார். நான்தான் விடவில்லை.

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்லண்ணே. தோத்தவங்க கத்தத்தான் செய்வாங்க," என்றேன்.

"நெஜமாவா பாப்பா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

கத்தல் உண்மைதான். அவருக்கு 'ரப்பர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெட்டி இழுத்த இழுப்புக்கு நீள்கிறதாம். "யோவ் ரப்பர், கண்ண வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தியா?" என்று ஒரு அப்பா கத்துவார். வாய் நிறைய மென்றுகொண்டே கத்துவார். மென்றது கம்பி வேலியில் துணுக்குத் துணுக்காக ஒட்டியிருக்கும். அண்ணன் திரும்பிப் பார்க்க மாட்டார். முகத்தில் மாட்டிய கம்பிக் கூண்டுக்குள் விரலை விட்டு இடது கண்ணைத் துடைத்துக்கொள்வார். அது எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருந்தது.

எல்லோரும் அவரை ஒரு நிலை இல்லாதவர் என்றார்கள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவர் நிலையாகத்தான் இருந்தார். பெட்டி முழுசாக வலது பக்கம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். அவருக்கு இடதில், அதாவது மட்டை பிடித்தவளின் உடம்பை ஒட்டி வரும் பந்து அவர் கண்ணுக்குச் சரியாகச் சிக்கவில்லை. அதனால் அது கணக்கில் ஏறாது. எட்டத்தில் வெளிப்பக்கம் போகும் பந்தெல்லாம் ஸ்ட்ரைக். வெயில் சாயச் சாய இன்னும் நகரும்.

எவ்வளவு நகரும் என்பதை வீட்டிலேயே தெரிந்துகொண்டேன். ஆட்டம் இருக்கும் நாளில் காலைச் சாப்பாட்டைத் தட்டின் இடது ஓரத்தில் கொஞ்சம் வைப்பேன். மற்றதைத் தின்றுவிட்டு அதை அப்படியே விட்டு எழுந்துபோவார். எதுவரை தின்றிருக்கிறார், எங்கிருந்து விட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போவேன். ஆறி உறைந்த அந்த மிச்சத்தை வழித்துக் கொட்டும்போது குமட்டிக்கொண்டு வரும். பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு பழக்குவது சுலபம். பயிற்சியில் பலகையைப் பெயர்த்து ஒரு கை அளவு வெளிப்பக்கமாக வைத்தேன். பிள்ளைகள் நெருங்கி நின்றார்கள், எட்டி அடித்தார்கள், உடம்பை ஒட்டி வருவதை விட்டார்கள். பந்து வீசும் எங்கள் பிட்சர் வெளிப்பக்கமே போட்டாள். அணியில் ஒரு வாயாடி உண்டு. அவள் மட்டும் கேள்வி கேட்பாள்.

"அக்கா, இது தப்பான பெட்டிதானே?"

"அம்பயர் சொல்றதுதான்டி பெட்டி."

"அவருக்குக் கண்ணு தெரியலன்னு எங்கம்மா சொல்றாங்க."

"உங்கம்மா அடிக்கப் போறாங்களா, நீ அடிக்கப் போறியா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு வந்து நின்றாள். நெருங்கி நின்றதில் ஒருத்திக்கு மணிக்கட்டு வீங்கியது. மற்றபடி யாருக்கும் எதுவும் இல்லை. அந்த வருடம் நாங்கள் தோற்கவே இல்லை. கடைசி இடத்தில் கிடந்த அணி. எங்களைக் கண்டு மூக்கைப் பொத்தியவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஈரக் கைகள். வீட்டுக்கு வந்து கழுவினேன்.

அரையிறுதிக்கு முன்னால் அண்ணன் எனக்குத் தெரியாமல் கண் டாக்டரிடம் போய்விட்டார். அடுத்த தடவை நானும் கூடப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். "நரம்பு செத்த எடத்துல பார்வை போனதுதான். அழுத்தம் கொறைஞ்சா மேல மூடியிருக்கற மங்கல் விலகும், இருக்கறதக் காப்பாத்திக்கலாம். காலையிலயும் சாயங்காலமும் சொட்டு. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. தவறினா நான் பொறுப்பில்ல."

அண்ணனுக்குக் கை நடுங்கும். நான்தான் விட்டேன். நாற்காலியில் சாய்ந்து, குழந்தை மாதிரி வாயைப் பாதி திறந்து வைத்துக்கொள்வார். இமை மயிரில் மஞ்சளாகப் பீளை ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் அதை ஊறவைத்து எடுக்க வேண்டும். மருந்து பட்டதும் எரிச்சலில் காலை உதறுவார். அதையும் முகம் சுளிக்காமல் செய்தேன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மருந்து வேலை செய்தது. கண்ணை மூடியிருந்த புகை விலகின மாதிரி இருக்கிறது பாப்பா என்றார். தட்டில் இடது ஓரம் காலியானது.

அரையிறுதியில் பெட்டி பலகைக்கே பாதி திரும்பிவிட்டது. என் பிள்ளைகள் உடம்பை ஒட்டி வந்த பந்துகளை விட்டுவிட்டு நின்றார்கள். அண்ணன் ஸ்ட்ரைக் என்று கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். ஒருத்தி பின் ஒருத்தியாக மட்டையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வாயாடி மூக்கைச் சிந்தி என் தோளில் தேய்த்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க சொன்ன மாதிரிதானேக்கா நின்னேன். இன்னைக்கு அவரு வேற மாதிரி சொல்றாரு. இப்போ நான் எதை நம்புறது?"

நல்ல கேள்வி. எதிரணி கடைசியில் ஒரு பந்தைக் கோட்டைவிட்டதால் எப்படியோ ஜெயித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு பிள்ளையை ஒன்றுக்குப் பழக்கிவிட்டு, பாதி வழியில் மாற்றுவது அநியாயம். இறுதிப் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. பெரியவர்களின் குழப்பத்துக்குப் பிள்ளைகள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். மருந்தைச் சாக்கடைத் துவாரத்தில் ஊற்றிவிட்டு, பாட்டிலை வெந்நீரில் அலசி, அதில் இதை நிரப்பினேன். சுத்தமாகத்தான் செய்தேன். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறவளில்லை நான்.

மறுநாள் காலையில் அண்ணன் கண்ணைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"இன்னைக்கு எரியலையே பாப்பா."

"பழகிடுச்சுண்ணே."

"நல்ல மருந்துதான்," என்றார்.

ஒரு மாதமும் இரண்டு வேளையும் விட்டேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. முதல் வாரத்திலேயே தட்டில் மிச்சம் விழுந்தது. பிறகு கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றார். தலைவலியில் ஒருநாள் வாந்தி எடுத்தார். நான்தான் வாளியும் துணியுமாக நின்று துடைத்தேன். அந்த நாற்றம் இரண்டு நாள் விரலில் இருந்தது.

இறுதிப் போட்டியில் பெட்டி நான் வைத்த இடத்தில் இருந்தது. பிள்ளைகள் பழகியபடி நின்றார்கள், பழகியபடி அடித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ரப்பர், ரப்பர் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கோப்பையை வாயாடிதான் தூக்கினாள். அதற்கு முத்தம் கொடுத்து எச்சிலாக்கினாள். நான் துடைத்து வைத்தேன்.

அடுத்த வாரம் இடது கண் முழுக்க இருண்டுவிட்டது. டாக்டர் கோபப்பட்டார். "மருந்த ஒழுங்கா விட்டிருந்தா இப்படி ஆக வழியே இல்ல," என்றார்.

"பாப்பா ஒரு வேளைகூடத் தவறல டாக்டர்," என்றார் அண்ணன். "அவளத் திட்டாதீங்க. என் விதி, வேற என்ன."

எனக்கு அருவருப்பாக இருந்தது. வயதான ஆண் ஒருவர் பிறர் முன்னால் அப்படி மூக்கை உறிஞ்சுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வலது கண்ணிலும் அழுத்தம் தொடங்கிவிட்டதாம். டாக்டர் வேறு மருந்து எழுதினார். மருந்துக்கடையில் பாட்டிலை அண்ணனிடம் நீட்டியபோது அவர் வாங்கவில்லை. "அவ கையிலயே குடுங்க," என்றார்.

வட்டாரத்தில் வேறு அம்பயர் கிடைக்கவில்லை. ஒரு கண்ணோடு பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். அண்ணன் என்னைக் கேட்டார். தாராளமாகப் பாருங்கள் என்றேன். நான் ஒன்றும் கல் மனசுக்காரி இல்லை. அந்த வேலையும் போனால் அவர் மூலையில் உட்கார்ந்துவிடுவார்.

புது மருந்தை முறையாக விட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையான மருந்து. ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாததால், முழங்காலுக்குக் கீழே இறங்கும் பந்தையும் ஸ்ட்ரைக் என்கிறார். பிள்ளைகளைக் குனிந்து அடிக்கப் பழக்கத் தொடங்கிவிட்டேன். நன்றாகவே பழகுகிறார்கள். மருந்தினால் அந்தப் பெட்டி மாறாதவரைக்கும், பாட்டிலில் இருப்பது மருந்தாகவே இருக்கும்.