கூம்பின் குறுகிய முனை

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் தேநீர் மோசமில்லை, பெரிய பாபு. இஞ்சி போடுவதில் மட்டும் கொஞ்சம் சிக்கனம். உட்காரச் சொன்னீர்களே, அதற்கும் நன்றி. நின்றே பழகிய கால்கள், நாற்காலியைக் கண்டால் கூச்சப்படுகின்றன.

என் பெயர் நகேன் பால். சாதன் பாபுவின் தகட்டுப் பட்டறையில் இருபது வருஷமாக வேலை. அரிசி ஆலைகளில் உமித்தூசியைப் பிரிக்க ஓர் இரும்புக் கூம்பு வைப்பார்களே, அதை வளைப்பதில் ஹௌராவிலேயே எங்கள் பட்டறைக்குத்தான் பேர். பேர் என்றால் என்னுடையது இல்லை, நிதாயுடையது.

மூன்று உருளைகளுக்கு நடுவே தகட்டை நேராக விட்டால் குழாய் வரும். அதை எவனும் செய்வான். கூம்பு வேண்டுமென்றால் தகட்டின் ஒரு பக்கம் ஓட வேண்டும், மறுபக்கம் தயங்க வேண்டும். அதற்காகக் குறுகிய முனையை ஓர் இரும்புக் கட்டையில் முட்டக் கொடுத்து, ஒருவன் வெறுங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வான். அவன்தான் மிஸ்திரி, எங்கள் பட்டறையில் நிதாய். அகன்ற முனையில் நிற்பவன் பெடலை மிதிப்பான், சாக்பீஸ் கோடு வந்ததும் காலை எடுப்பான். அது நான். என் கால் உழைத்தது, அவன் கைக்குப் பாராட்டு வந்தது.

அவனை எனக்குப் பிடிக்காது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என்னைவிட நாலு வயது சின்னவன், தங்கமான பிள்ளை. குழம்பில் மீன்தலை கிடந்தால் என் பக்கம்தான் தள்ளுவான். ஆனால் ஆலைக்காரர்கள் வந்து, "நிதாய் வளைச்ச கூம்பா குடுங்க. ரெண்டு விளிம்பும் சேர்ந்தா நடுவுல முடிகூட நுழையக் கூடாது" என்று கேட்கும்போது நானும் பக்கத்தில்தான் நிற்பேன். ஒருவராவது என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒருநாள் முதலாளியிடம் கேட்டே விட்டேன், நானும் குறுகிய முனையில் நின்று பார்க்கட்டுமா என்று.

"உனக்கெதுக்கு நகேன் இந்த வேண்டாத வேலை? நீ பாட்டுக்குப் பெடலை மிதி. அவன் கை இருக்கிற வரைக்கும் எனக்கு வேற ஆளே வேண்டாம்" என்றார்.

நியாயமான பேச்சு. எனக்கு வழியையும் அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார்.

விஸ்வகர்மா பூஜையன்று எங்கள் பக்கம் எந்த இயந்திரமும் ஓடாது, உங்களுக்கே தெரியும். உருளைக்குப் பொட்டும் மாலையும், எங்களுக்குக் கிச்சடியும் ஆட்டுக்கறியும். சாப்பிட்ட கையோடு எல்லோரும் மொட்டைமாடியில் பட்டம் விடக் கிளம்பிவிடுவோம். நிதாய்க்குப் பட்டமென்றால் உயிர். அவனுக்காகவே கண்ணாடித்தூள் கூடுதலாகப் பூசிய மாஞ்சா நூலாகத் தேடி வாங்கினேன். ஏழு பட்டங்களை அறுத்தான். அறுக்க அறுக்க என்னைக் கட்டிக்கொண்டு குதித்தான். சாயங்காலம் பார்த்தால் அவன் விரலெல்லாம் கீறல். எதிர்பார்த்ததுதான்.

மறுநாள் காலையில் தகட்டின் ஓரம் பட்டதுமே கையை உதறினான். என் சட்டைப்பையில் ஒரு ஜோடி பருத்திக் கையுறை தயாராக இருந்தது.

"ரோலர்கிட்ட எவனாவது கையுறை போடுவானாண்ணே? துணி மாட்டுச்சுன்னா கையோட சேர்த்து இழுத்துரும்."

"ஒரே ஒரு கூம்புக்குத்தானே. பெடல்ல இருக்கிறது யாரு, வேத்தாளா?"

"அதுவும் சரிதான். நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்" என்று சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டான். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

இரண்டாம் ஓட்டத்தில், ஆள்காட்டி விரலின் நுனித்துணியை உருளை பிடித்தது. "அண்ணே, காலை எடு" என்றான். முதல் தடவை மெதுவாகத்தான் சொன்னான். அடுத்தடுத்துச் சொன்னதெல்லாம் தெருவுக்கே கேட்டிருக்கும். கோடு வர இன்னும் ஒரு சாண் இருந்தது. கோடு வந்தது, காலை எடுத்தேன். இருபது வருஷமாக அங்கேதான் எடுக்கிறேன்.

மணிக்கட்டோடு போயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் நானே சோறு பிசைந்து ஊட்டுகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறான். பட்டறையில் இப்போது குறுகிய முனை என்னுடையது. முதல் கூம்பில் விளிம்புகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழைந்தது. பழகினால் சரியாகிவிடும்.

நானாக ஏன் வந்தேன் என்றுதானே யோசிக்கிறீர்கள்? நேற்று உங்கள் ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து நிதாயிடம் விசாரித்தார். கையில் சோற்றுக் கிண்ணத்தோடு நானும் அங்கேதான் இருந்தேன்.

"நகேன் அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல சார். கையுறை போட்டது நான், கையைக் கொடுத்தது நான். எல்லாம் நான் பண்ணின வேலை" என்றான்.

உங்கள் ஆள் அதை அப்படியே எழுதிக்கொண்டார். போகும்போது அவன் தோளைத் தட்டி, இப்படியும் ஒரு மனுஷனா என்று வியந்துவிட்டு வேறு போனார். எனக்கு வயிறு எரிந்தது. மாஞ்சா தேடி வாங்கியது நான். கையுறை கொண்டுவந்தது நான். அவன் கத்தக் கத்தக் கோடு வரும்வரை காலை எடுக்காமல் நின்றது நான். இதில் நிதாய் என்ன செய்தான்?

அந்தக் காகிதத்தில் அவன் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதுங்கள், பெரிய பாபு. இந்த ஒரு வேலையாவது என் பேரில் இருக்கட்டும்.